அரசு நல்கையும் ஓர் ஆய்வாளர் வாழ்வும்: ஷிபாசாபுரோ கிட்டசாட்டோ

முன்னுரை

அறிவியல் வரலாற்றைப் பயில்வோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே காண்கின்றனர். கண்டுபிடித்தவருக்கு அந்நாளில் சோறிட்டவர் யார், கடல் கடந்து சென்று பயிலப் பொருள் தந்தவர் யார், பயிற்சி முடிந்து தாயகம் திரும்பியபோது அவருக்கென ஒரு மேசையும் நுண்ணோக்கியும் காத்திருந்தனவா என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆயினும் இளம் ஆய்வாளர் ஒருவரின் வாழ்வு இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தே அமைகிறது. மருத்துவ ஆய்வில் இது பின்னும் உண்மை. பட்டம் பெற்ற மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினால் அன்றே வருவாய் காண்பார். ஆய்வுக்கூடத்தில் நுழைந்தாலோ பல்லாண்டுகள் பிறர் தரும் நல்கையை நம்பியே வாழ வேண்டும்.

இந்த உண்மையை நன்கு விளக்கும் வாழ்க்கை, ஜப்பானிய நுண்ணுயிரியல் அறிஞர் ஷிபாசாபுரோ கிட்டசாட்டோவின் வாழ்க்கையாகும். அரசு தந்த நல்கையால் உயர்ந்தவர் அவர். அதே அரசால் கைவிடப்பட்டவரும் அவரே. அவருடைய வரலாற்றை, நல்கை என்னும் நோக்கில் நின்று இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஜப்பான் நாட்டின் தென்பகுதித் தீவாகிய கியூஷூவில், இன்று குமமோட்டோ மாவட்டத்துள் அடங்கும் மலைச்சிற்றூர் ஒன்றில், 1853-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கிட்டசாட்டோ பிறந்தார். தந்தையார் அவ்வூரின் தலைவர். மூத்த மகனாகப் பிறந்த கிட்டசாட்டோவுக்கு இளமையில் மருத்துவத்தின்மீது நாட்டம் இருந்ததில்லை. படைவீரராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது.

1871-இல் குமமோட்டோவில் இருந்த மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். ஆங்கே பயிற்றுவித்தவர் மான்சுவெல்ட் என்னும் டச்சு மருத்துவர். அவர் ஒருநாள் நுண்ணோக்கியின் வழியே உடலின் திசுக்களைக் காட்டினார். கண்ணுக்குப் புலனாகாத ஓர் உலகம் தம்முன் விரிந்ததைக் கண்ட மாணவரின் உள்ளம் அன்று முதல் மருத்துவத்தின்பால் திரும்பியது.

பின்னர்த் தோக்கியோ சென்று மருத்துவம் பயின்றார். மாணவராக இருந்த 1878-ஆம் ஆண்டிலேயே மருத்துவ அறம் பற்றி ஓர் உரை எழுதினார். நோய் வந்தபின் தீர்ப்பதைவிட வருமுன் காப்பதே மருத்துவரின் தலையாய கடமை என்பது அதன் சாரம். 1883-இல் பட்டம் பெற்றார். அவர் விரும்பியிருந்தால் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பொறுப்பேற்று வளமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ உள்துறை அமைச்சகத்தின் சுகாதாரப் பிரிவில் பணியேற்றார். மாணவப் பருவத்தில் எழுதிய கொள்கையை வாழ்க்கையில் மெய்ப்பிக்கும் முதற்படி அதுவே எனலாம்.

அரசு தேர்ந்த இளைஞர்

1868-இல் ஏற்பட்ட மெய்ஜி ஆட்சி மாற்றத்திற்குப் பின்னர் ஜப்பான் மேலை நாட்டு அறிவைப் பெறுவதில் முனைந்து நின்றது. அதற்கு இரு வழிகளைக் கையாண்டது. அயல்நாட்டு ஆசிரியர்களை மிகுந்த ஊதியம் கொடுத்து வரவழைத்தல் ஒன்று; தன் இளைஞர்களை அரசுச் செலவில் அயல்நாட்டுக்கு அனுப்புதல் மற்றொன்று. மருத்துவத் துறையில் ஜெர்மனியையே முன்மாதிரியாகக் கொண்டமையால், தோக்கியோவில் பயின்ற மருத்துவ மாணவர்கள் ஜெர்மன் மொழியையும் கற்றனர்.

சுகாதாரப் பிரிவின் தலைவராக இருந்தவர் நாகயோ சென்சாய். மேலை நாடுகளை நேரிற் கண்டு வந்தவர். பொதுச் சுகாதாரம் என்னும் கருத்துக்கு ஜப்பானிய மொழியில் பெயரிட்டவரும் அவரே. அப்பிரிவின் ஆய்வுக்கூடத்தில் மசனோரி ஒகாட்டா என்பவர் பொறுப்பில் இருந்தார். இவரும் குமமோட்டோவைச் சேர்ந்தவரே. ஜெர்மனியில் நுண்ணுயிரியல் பயின்று 1884-இல் திரும்பியவர். கிட்டசாட்டோவுக்கு இத்துறையின் அடிப்படைகளைக் கற்பித்தவர் இவர்தாம். ஒகாட்டா கற்பித்தது அவ்வளவும் அரசு நல்கையால் பெற்ற அறிவு. நல்கை பெற்று மீண்ட ஒருவர் அடுத்தவரை உருவாக்கும் சங்கிலித் தொடரின் முதற்கண்ணி ஈண்டுத் தொடங்குகிறது.

1885-இல் நாகசாக்கி நகரில் காலரா நோய் பரவியது. இராபர்ட் காக் 1883-84-இல் எகிப்திலும் நம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அந்நோயின் கிருமியை நிலைநாட்டி நெடுங்காலம் கடந்திருக்கவில்லை. கிட்டசாட்டோ நாகசாக்கி சென்று நோயாளிகளிடமிருந்து அக்கிருமியைக் கண்டு காட்டினார். அவ்வாண்டின் இறுதியில், மூன்றாண்டுப் பயிற்சிக்கென அரசுச் செலவில் அவரை ஜெர்மனிக்கு அனுப்பினர். அப்போது அவருக்கு வயது 32. ஒகாட்டா, தாம் ஜெர்மனியில் பயின்ற லோஃப்ளருக்கு அறிமுக மடல் தந்து உதவினார். 1886-இன் தொடக்கத்தில் கிட்டசாட்டோ பெர்லினை அடைந்து, இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் இடம்பெற்றார்.

ஊரை மாற்றச் சொன்ன ஆணை

நல்கை பெறுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் ஒன்றை இவ்விடத்தில் நோக்குவோம். பொருள் தருபவர் ஆய்வின் திசையையும் வகுக்க முற்படுவதே அச்சிக்கல். 1887-இல் ஜப்பானியப் படை மருத்துவத் துறையின் உயர் அலுவலர் இஷிகுரோ ததனோரி ஜெர்மனிக்கு வந்தார். கிட்டசாட்டோ பெர்லினை விட்டு நீங்கி, மியூனிக் நகரில் சுகாதாரவியல் அறிஞர் பெட்டன்கோஃபரிடம் சேர வேண்டும் என்று அவர் பணித்தார். மியூனிக்கில் பயிலும் மற்றொரு ஜப்பானியர் பெர்லினுக்கு மாற்றப்பட வேண்டும் என்பது திட்டம். இருவரும் இரு ஆசிரியரிடம் பயின்றால் நாட்டுக்கு இருமடங்கு பயன் கிட்டும் என்று அலுவலகக் கணக்கு கூறியிருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தின் கணக்கு வேறு. நுண்ணுயிர் வளர்ப்புக் கலையில் கைதேர்வதற்கு ஓராண்டு போதாது. காலராக் கிருமியும் டைபாய்டு கிருமியும் அமிலத்திலும் காரத்திலும் எங்ஙனம் நடந்துகொள்கின்றன என்பதை அளவு அளவாக மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார் கிட்டசாட்டோ. வெளிப்பார்வைக்குப் புகழ் தராத பணி அது. எனினும் ஆய்வாளரின் கையையும் கண்ணையும் பழக்கும் பணி. இதனை இடையில் அறுப்பதற்கு அவர் இசையவில்லை. அரசுச் செலவில் வாழும் இளைஞர், அரசின் சார்பில் வந்த உயர் அலுவலரின் ஆணைக்கு மறுப்புக் கூறுவதென்பது அந்நாளில் எளிய செயல் அன்று. இராபர்ட் காக் தம் மாணவருக்காகப் பரிந்து பேசினார். ஆணை கைவிடப்பட்டது.

அன்று அவர் மியூனிக் சென்றிருப்பின் பின்வரும் கண்டுபிடிப்புகள் அவர் கையால் நிகழ்ந்திரா என்று துணிந்து கூறலாம்.

இரணசன்னிக் கிருமியை வென்றமை

இரணசன்னி எனப்படும் டெட்டனஸ் நோய், காயத்தின் வழியே உடலிற்புகுந்து தசைகளை விறைக்கச் செய்து உயிரைக் கவர்வது. அதன் கிருமியை நிகோலையர் என்பார் 1884-இல் கண்டிருந்தார். ஆனால் பிற கிருமிகளின் கலப்பின்றி அதனைத் தனியே வளர்க்க ஒருவராலும் இயலவில்லை. பிற நுண்ணுயிர்களோடு கூடி மட்டுமே அது வாழும், தனியே வாழாது என்று பேரறிஞரும் நம்பினர். தனியே வளர்த்துக் காட்டாத கிருமியை நோய்க்குக் காரணம் என்று நிலைநாட்டுதல் காக்கின் நெறிப்படி கூடாது.

கிட்டசாட்டோ இரு குறிப்புகளைக் கூர்ந்து நோக்கினார். வளர்ப்புக் கூழில் ஊசியால் குத்திக் கிருமியைப் புகுத்தினால், அது மேற்பரப்பில் வளராமல் ஆழத்திலேயே வளர்ந்தது. காற்று அதற்குப் பகை என்பது இதனால் புலனாயிற்று. மேலும் அக்கிருமி உண்டாக்கும் வித்துகள் வெப்பத்தைத் தாங்கி நிற்பவை. எனவே சீழிலிருந்து எடுத்த கலப்பு வளர்ப்பை ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில் வைத்தார். ஏனைய கிருமிகள் மடிந்தன. இரணசன்னியின் வித்துகள் மட்டும் எஞ்சின. அவற்றைக் காற்றை நீக்கி ஹைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். அதற்குரிய கலத்தையும் தாமே வடிவமைத்துக்கொண்டார். 1889-ஆம் ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் இதனை வெளியிட்டபோது அவருக்கு வயது 36.

நீட்டித்த காலமும் அதன் பயனும்

ஈண்டு ஒரு கணக்கைக் கருத வேண்டும். 1885-இறுதியில் புறப்பட்டவருக்கு வகுத்த மூன்றாண்டுக் காலம் 1888-இலேயே முடிந்திருக்க வேண்டும். டெட்டனஸ் கிருமியின் தனி வளர்ப்பு வெளியானதோ 1889-இல். நல்கையை நீட்டித்திருக்காவிடின் அவர் வெறுங்கையராய்க் கப்பல் ஏறியிருப்பார். உள்துறை அமைச்சகம் மேலும் ஈராண்டு நீட்டித்தது. அந்த ஈராண்டே மருத்துவ உலகுக்குப் பெரும்பேறாக வாய்த்தது.

தனியே வளர்த்த கிருமியை ஆராய்ந்த கிட்டசாட்டோ, அது காயம் பட்ட இடத்தை விட்டுப் பரவாமல் இருப்பதையும், அது சுரக்கும் நச்சே உடலெங்கும் பரவி உயிரை மாய்ப்பதையும் உணர்ந்தார். அந்நச்சைச் சிறுகச் சிறுக விலங்குகளின் உடலில் செலுத்தினால் அவை அதனைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. அவ்விலங்கின் குருதியிலிருந்து பிரித்த சீரத்தைப் பிற விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் காக்கப்பட்டது. நச்சை முறிக்கும் பொருள் குருதியிலேயே தோன்றுகிறது என்பது இதனால் விளங்கியது. அதே ஆய்வுக்கூடத்தில் தொண்டை அடைப்பான் நோயை ஆராய்ந்த எமில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் இணைந்து 1890 டிசம்பரில் இதனைக் கட்டுரையாக வெளியிட்டனர். சீர மருத்துவம் என்னும் துறை அன்று பிறந்தது. இன்று நாம் எதிர்ப்புப் புரதங்கள் என்று வழங்கும் பொருள்களைப் பற்றிய அறிவும் அங்கிருந்தே கிளைத்தது.

1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அது பேரிங் ஒருவருக்கே கிட்டியது. பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டோருள் கிட்டசாட்டோவும் ஒருவர். பேரிங்கின் தொண்டை அடைப்பான் ஆய்வு பல குழந்தைகளைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வழியைத் திறந்த கட்டுரையில் இரு பெயர்கள் இருந்தன என்பதை வரலாறு மறக்கவில்லை.

காசநோய் ஆய்வுக்காக அவரது காலம் பின்னும் ஓராண்டு நீண்டது. இம்முறை ஜப்பானிய அரச இல்லமே பொருள் வழங்கியது. மூன்றாண்டு என்று தொடங்கிய பயிற்சி ஆறாண்டைக் கடந்தது. 1892-இல் பிரஷ்ய அரசு அவருக்குப் பேராசிரியர் என்னும் பட்டத்தை அளித்துச் சிறப்பித்தது. அயல்நாடுகள் அவரை அழைத்தன. நாட்டின் பொருளால் பயின்றவர் நாட்டுக்கே உழைக்க வேண்டும் என்னும் உறுதியோடு அவர் அவ்வருடம் மே திங்களில் தாயகம் திரும்பினார்.

நன்றியா, உண்மையா?

தாயகத்தில் அவருக்கு வேலை காத்திருக்கவில்லை. காரணம் யாது?

பெரிபெரி என்னும் நோய் அந்நாளில் ஜப்பானில் பல்லாயிரவரை வருத்தியது. அந்நோய்க்குரிய கிருமியைத் தாம் கண்டுவிட்டதாக 1885-இல் ஒகாட்டா அறிவித்தார். பெர்லினில் இருந்த கிட்டசாட்டோ அம்முடிவை ஆராய்ந்து, சான்றுகள் போதாமையைக் கட்டுரையாக எழுதினார். தமக்கு நுண்ணுயிரியல் கற்பித்தவர், தமக்கு அறிமுக மடல் தந்தவர், தம் ஊரவர் ஆகிய ஒருவரை எதிர்த்து எழுத நேர்ந்தது. தோக்கியோ பல்கலைக்கழகத்தார் இதனை ஆசிரிய நிந்தையாகக் கொண்டனர். கற்பித்தவருக்கு நன்றி மறந்தவர் என்னும் பழி அவர்மேல் வீழ்ந்தது.

கிட்டசாட்டோவின் நிலைப்பாடு தெளிவானது. நன்றி வேறு, உண்மை வேறு. ஆசிரியரை மதித்தல் அவர் கூறிய பிழையையும் மதித்தல் ஆகாது. பின்னாளில் பெரிபெரி என்பது கிருமியால் வருவதன்று, உணவில் வைட்டமின் பி1 குறைவதால் வருவது என்பது உறுதியாயிற்று. அவ்வுண்மை வெளிப்படும்வரை காத்திருக்க ஆய்வாளரின் வயிறு இசையாதே! உலகம் போற்றிய அறிஞர், ஜப்பானில் ஒரு சோதனைக்குழாய் வைக்கவும் இடமின்றி நின்றார். ஆறாண்டுகள் அவருக்காகப் பொருள் செலவிட்ட அரசு, அச்செலவின் பயனை அறுவடை செய்ய ஓர் அறையையும் அமைத்துவைக்கவில்லை. விதைக்குப் பணம் ஒதுக்கிய உழவன் களத்துமேட்டை மறந்த கதை இது.

ஃபுக்குசாவாவின் கொடை

இந்நிலையில் கைகொடுத்தவர் ஃபுக்குசாவா யுக்கிச்சி. கெய்யோ கல்வி நிறுவனத்தின் நிறுவனர்; நவீன ஜப்பானின் சிந்தனைச் சிற்பிகளுள் ஒருவர். இவரும் நாகயோ சென்சாயும் ஒசாக்கா நகரில் ஒரே ஆசிரியரிடம் டச்சுக் கல்வி பயின்ற தோழர்கள். நாகயோ, கிட்டசாட்டோவின் நிலையைத் தம் தோழரிடம் எடுத்துரைத்தார்.

ஃபுக்குசாவா தோக்கியோவின் ஷிபாப் பூங்காப் பகுதியில் இடம் தந்தார். வணிகர் மொரிமுரா இச்சிசயேமோன் பொருளுதவி செய்தார். 1892-ஆம் ஆண்டின் இறுதியில் சிறு கட்டடம் ஒன்றில் தொற்றுநோய் ஆய்வகம் தொடங்கியது. ஜப்பானில் அத்தகையது அதுவே முதலாவது. தனியார் சுகாதாரக் கழகம் ஒன்று அதன் பொறுப்பை ஏற்றது. 1893-இல் அரசும் நிதியுதவி அளிக்க முன்வந்தது. தனியொருவரின் துணிவு வழிகாட்ட, அரசு பின்தொடர்ந்தது எனலாம்.

அதே ஆண்டில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றும் ஃபுக்குசாவாவின் துணையால் எழுந்தது. அரசின் மனம் எந்நேரமும் மாறலாம். ஆதலின் மருத்துவமனை வருவாயில் ஒரு பகுதியைச் சேமித்துவைத்தல் வேண்டும் என்பது அம்முதியவரின் அறிவுரை. இவ்வறிவுரை எத்துணைத் தொலைநோக்குடையது என்பதைப் பின்னர்க் காண்போம். ஈதல் மட்டுமன்றிக் கண்டித்தலும் அவருக்கு உண்டு. மருத்துவமனையிலிருந்து வந்த பால்புட்டி ஒன்று தூய்மையின்றி இருந்ததைக் கண்டு, நோயாளிகளின் உயிரைக் காக்கும் இடத்தில் இவ்வளவு கவனக்குறைவா என்று கடுமையாக மடல் எழுதினார். கிட்டசாட்டோவின் நிறுவனத்தார் அம்மடலை நெடுங்காலம் பாடமாகப் போற்றினர்.

ஹாங்காங்கில் கொள்ளைநோய்

1894-இல் ஹாங்காங் நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. ஜப்பானிய அரசு கிட்டசாட்டோவையும் பேராசிரியர் அவோயாமாவையும் குழுவினருடன் அனுப்பியது. ஜூன் 12-இல் அங்கு இறங்கிய கிட்டசாட்டோ இரு நாள்களில் நோயாளியின் உடலில் கிருமி ஒன்றைக் கண்டார். சில நாள்களின் பின்னர், பாஸ்டர் மரபில் வந்த அலெக்சாந்தர் எர்சின் என்னும் இளைஞர், போதிய உதவி ஏதுமின்றிக் குடிசை ஒன்றில் பணிசெய்து, அக்கிருமியைத் தெளிவாக விளக்கிக் காட்டினார்.

கிட்டசாட்டோவின் விளக்கத்தில் பிற கிருமியின் கலப்பால் சில முரண்கள் நேர்ந்தன. இக்காரணத்தால் அக்கிருமி இன்று எர்சினின் பெயரையே தாங்குகிறது. கலப்பின்றி வளர்த்தலில் உலகை வென்றவர் கலப்பினாலேயே இங்கு இடறினார் என்பது எண்ணத்தக்கது. அதே பணியில் அவோயாமாவும் மற்றொரு மருத்துவரும் பிளேக் நோய்க்கு ஆளாகி, அரிதின் உயிர் பிழைத்தனர். மருத்துவ ஆய்வாளர் தம் உயிரையே பணயம் வைத்து உழைத்த காலம் அது.

சங்கிலித் தொடர்

கிட்டசாட்டோவின் பெருமை அவருடைய கண்டுபிடிப்புகளோடு முடிந்துவிடவில்லை. தாம் பெற்ற பயிற்சியைத் தம் இளையோருக்கு வழங்கிய திறத்தில்தான் அது முழுமை பெறுகிறது. அவருடைய ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த கியோஷி ஷிகா, 1897-இல் தம் 26-ஆம் வயதில் சீதபேதிக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி இனம் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் அவர் ஜெர்மனி சென்று பால் எர்லிக்கிடம் பயின்றார்.

சஹாச்சிரோ ஹாத்தா என்னும் மற்றொரு மாணவர் 1907-இல் ஜெர்மனி சென்றார். எர்லிக்கின் ஆய்வுக்கூடத்தில் மேகநோய்க்கு மருந்து தேடிப் பல சேர்மங்களைச் சோதித்து, 606 என எண்ணிட்ட சேர்மத்தின் ஆற்றலை வெளிப்படுத்தினார். 1910-இல் சல்வர்சான் என்னும் பெயரில் அது உலகெங்கும் பயனுக்கு வந்தது. ஹிதேயோ நொகுச்சி என்பாரும் சிறிது காலம் கிட்டசாட்டோவின் ஆய்வகத்தில் பணியாற்றியபின் அமெரிக்கா சென்று புகழ் எய்தினார். மூன்றாண்டுப் பயிற்சிக்கென அரசு ஒருவருக்குக் கொடுத்த பொருள், அவர்வழி எத்தனை பேரை உருவாக்கியது என்பதைக் கணக்கிட எந்தத் தணிக்கையாளராலும் இயலாது.

1908-இல் இராபர்ட் காக் ஜப்பானுக்கு வந்தார். தமக்காகப் பரிந்து பேசிய ஆசிரியரைக் கிட்டசாட்டோ நாடெங்கும் அழைத்துச் சென்று போற்றினார். 1910-இல் காக் மறைந்தபின் அவருக்கு நினைவுக் கோயில் ஒன்றை ஆய்வக வளாகத்திலேயே எழுப்பினார். உண்மைக்காக ஓர் ஆசிரியரை மறுத்தவர் நன்றியறியாதவர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கொடுத்த கையே பறித்தது

தொற்றுநோய் ஆய்வகம் 1899-இல் அரசுடைமையாகி உள்துறை அமைச்சகத்தின்கீழ் வந்தது. கிட்டசாட்டோ அதன் தலைவராகத் தொடர்ந்தார். நாட்டின் சுகாதாரப் பணியும் ஆய்வும் கைகோத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. 1914-இல் அரசு அவரைக் கலந்துகொள்ளாமலேயே அந்த ஆய்வகத்தைக் கல்வி அமைச்சகத்துக்கு மாற்றித் தோக்கியோ பல்கலைக்கழகத்தோடு இணைக்க முடிவுசெய்தது. முன்னர் அவருக்குக் கதவடைத்த அதே பல்கலைக்கழகம் அது.

கிட்டசாட்டோ பதவி துறந்தார். அப்போது அவருக்கு வயது 61. ஓய்வை நாடியிருக்கலாம், எவரும் குறைகூறியிரார். ஆனால் ஷிகா, ஹாத்தா முதலிய மாணவர்களும் அவருடன் ஒருசேர வெளியேறினர். அரசுப் பணியையும் ஊதியத்தையும் துறந்து ஆசிரியரைப் பின்பற்றினர். அவர்களை வழியில் விடுதல் ஆகாது. முன்னர் ஃபுக்குசாவா வற்புறுத்திச் சேர்த்துவைக்கச் செய்த பொருள் இப்போது கைகொடுத்தது. அவர் 1901-இலேயே மறைந்துவிட்டார். அவருடைய அறிவுரை உயிரோடிருந்தது. 1914 நவம்பரில் கிட்டசாட்டோ ஆய்வு நிறுவனம் தோன்றியது.

1917-இல் கெய்யோ பல்கலைக்கழகம் மருத்துவப் பிரிவைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவர் பொறுப்பைக் கிட்டசாட்டோ ஊதியமின்றி ஏற்றார். தமக்கு இடம் தந்த ஃபுக்குசாவாவின் நிறுவனத்துக்கு அவர் செலுத்திய கைம்மாறு அது. 1923-இல் ஜப்பானிய மருத்துவக் கழகத்தின் முதல் தலைவரானார். 1931-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் தம் 78-ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவர் நிறுவிய ஆய்வு நிறுவனத்தின் வழியே 1962-இல் கிட்டசாட்டோ பல்கலைக்கழகம் மலர்ந்தது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய சத்தோஷி ஒமுரா, மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அவெர்மெக்டின் என்னும் மருந்துப்பொருளைக் கண்டமைக்காக 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆசிரியருக்குக் கிட்டாத பரிசு, ஒரு நூற்றாண்டு கடந்து அவருடைய நிறுவனத்தை வந்தடைந்தது. 2024 ஜூலையில் வெளிவந்த ஜப்பானின் புதிய ஆயிரம் யென் தாளில் கிட்டசாட்டோவின் உருவம் இடம்பெற்றது. அதற்கு முன்னர் அத்தாளில் இருந்த உருவம் நொகுச்சியுடையது. அதுவரை பத்தாயிரம் யென் தாளில் விளங்கியவர் ஃபுக்குசாவா. கொடையாளரும் ஆசிரியரும் மாணவரும் ஒரு நாட்டின் பணத்தாளிலேயே அடுத்தடுத்து இடம்பெற்றமை வியப்பிற்குரியது.

முடிவுரை

கிட்டசாட்டோவின் வாழ்விலிருந்து நாம் அறியத்தக்கவை யாவை? இளம் ஆய்வாளருக்கு அரசு தரும் நல்கை இன்றியமையாதது. அது இன்றேல் மலைச்சிற்றூரில் பிறந்தவர் பெர்லினைக் கண்டிருக்க முடியாது. ஆனால் பொருள் மட்டும் நல்கை ஆகாது. போதிய காலம் வேண்டும். ஆய்வின் திசையைத் தாமே தேரும் உரிமை வேண்டும். பயிற்சி முடிந்து திரும்பும்போது பணிபுரிய ஓரிடம் வேண்டும். இம்மூன்றில் முதலாவதை ஜப்பானிய அரசு தந்தது. இரண்டாவதைக் காக் காத்துக் கொடுத்தார். மூன்றாவதை ஒரு தனிமனிதர் தம் கையால் தந்தார். ஒன்று குறைந்திருப்பினும் இவ்வரலாறு இல்லை.

நம் நாட்டில் 1911-இல் தோன்றிய இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக உருப்பெற்று, இளம் ஆய்வாளர்க்கு நல்கைகள் வழங்கி வந்துள்ளது. அயல்நாட்டில் பயிற்சி பெற்ற அறிவியலாளர் தாயகம் திரும்பி ஆய்வைத் தொடர்வதற்கென்றே மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, மருத்துவ அறிஞர் இராமலிங்கசுவாமியின் பெயரால் ஒரு நல்கையை நிறுவியது. 1892-இல் கிட்டசாட்டோ வெறுங்கையராய் நின்ற அந்த வாயிலைத் திறந்துவைக்கும் முயற்சியே அது எனலாம். இவ்வாயில்கள் இருப்பதை நம் மாணவர் பலரும் அறியார். அறிவியல் பயிலும் மாணவர்கள் தம் பாடநூலோடு இவற்றையும் தேடி அறிதல் வேண்டும். ஆசிரியர்களும் எடுத்துரைத்தல் வேண்டும்.

நல்கை பெறுவோர்க்கும் கடமை உண்டு. கொடுத்தவரின் சொல்லுக்கெல்லாம் தலையசைத்தல் அக்கடமை அன்று. பெற்ற காலத்தை வீணாக்காமல் உழைத்தல், கண்ட உண்மையை அஞ்சாமல் கூறுதல், கற்றதைத் தமக்குப் பின்வரும் இளையோர்க்கு மறைக்காமல் கற்பித்தல் ஆகிய மூன்றுமே அக்கடன் தீர்க்கும் வழி. கிட்டசாட்டோ அவ்வழியில் நடந்து காட்டினார். அவ்வழி நமக்கும் திறந்தே இருக்கிறது.